பிறர் சொல்லும் ‘ஆம்’

அக்காவுக்குக் குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆகிறது. போன வாரம் போன் பண்ணி, “திருமுழுக்குக்கு நீதான் ஞானத்தந்தை, வேற யாரையும் நான் கேக்கல” என்றாள். நான் கோயிலுக்குப் போய் ஏழு வருஷம் ஆகிறது. அது அவளுக்கும் தெரியும். “நின்னு மெழுகுவத்தி பிடிச்சா போதும்டா” என்றாள்.

போதுமா என்று பார்க்கத்தான் சடங்கின் பாடத்தை எடுத்து வாசித்தேன். போதாது. சாத்தானை விட்டுவிடுகிறீர்களா, கடவுளை நம்புகிறீர்களா என்று குருவானவர் கேட்பார். பழைய முறையில் ஞானப்பெற்றோர் இதற்குக் குழந்தையின் சார்பில் பதில் சொன்னார்கள். குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லை, அதனால் நாம் வாய் கொடுக்கிறோம் என்ற கணக்கு. 1969ல் வந்த திருத்தப்பட்ட சடங்கில் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் தங்கள் சொந்த நம்பிக்கையைத்தான் அறிக்கையிட வேண்டும். ஆக, “நம்புகிறேன்” என்று நான் சொன்னால் அது பாப்பாவின் பதில் இல்லை, என் பொய்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. சாகக் கிடப்பவருக்கு அவசரத்தில் யார் வேண்டுமானாலும் திருமுழுக்கு கொடுக்கலாம் என்கிறது கத்தோலிக்கச் சட்டம். திருமுழுக்கே பெறாதவர் கொடுத்தாலும் செல்லும். திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணத்தோடு தண்ணீர் ஊற்றி, அந்த வாசகத்தைச் சொன்னால் போதும். ஆனால் ஞானத்தந்தை உறுதிபூசுதல் பெற்றவராக, விசுவாச வாழ்க்கை வாழ்பவராக இருக்க வேண்டும். ஊற்றுகிறவனிடம் கேட்காத நம்பிக்கையைப் பக்கத்தில் நிற்கிறவனிடம் கேட்கிறார்கள். முதலில் சிரிப்புதான் வந்தது. யோசித்தால் நியாயமாகப் படுகிறது. ஊற்றுவது ஒரு நிமிட வேலை, நிற்பது இருபது வருட வேலை.

இந்தக் குழப்பத்தில் எனக்கு ஞாபகம் வந்தது சைனாடவுன். நன்யாங்கில் என்னோடு படித்த கேண்டனீஸ் நண்பனின் பாட்டி ஸ்மித் வீதிப் பக்கம் ஒரு வீவக புளோக்கில் இருந்தார். நானும் போபோ என்றுதான் கூப்பிடுவேன். தாத்தா இறந்த நாளிலிருந்து அவர் படத்துக்குக் காலையும் மாலையும் ஊதுபத்தி வைத்தவர். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிறிஸ்தவர்கள் ஆனார்கள். எண்பத்தெட்டு வயதில் போபோ படுத்த படுக்கையானதும் போதகரைக் கூட்டி வந்தார்கள். அன்று நானும் இருந்தேன். பிளாஸ்டிக் கிண்ணத்தில் குழாய்த் தண்ணீர். நான் தண்ணீர் சுத்திகரிப்பில் வேலை பார்ப்பவன், அதில் குளோரமின் எவ்வளவு இருக்கும் என்று மனசு பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

இயேசுவை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று போதகர் கேட்டார். போபோ அவருக்குப் பதில் சொல்லவில்லை. மகளைப் பார்த்து ஏதோ கேட்டார், மகள் தலையாட்டினாள், போபோ இன்னொன்று சொன்னார். நண்பன் என் காதருகே மொழிபெயர்த்தான்: “நீங்க எல்லாரும் அங்கதான் போவீங்களா? அப்போ நானும் வரேன்.”

போதகர் ஒரு கணம் தயங்கினார். அப்புறம் கிண்ணத்தில் கை வைத்தார்.

இது விசுவாசமா? பெந்தெகொஸ்தே நண்பர்கள் இல்லை என்பார்கள். அவர்கள் “ஞானஸ்நானம் எடுத்தேன்” என்கிறார்கள். எங்கள் வீட்டில் “கொடுத்தாங்க” என்போம். சண்டை முழுக்க இந்த இரண்டு வினைச்சொல்லில் இருக்கிறது. 1525ல் சூரிக்கில் சிலர், குழந்தையில் பெற்றது செல்லாது, அறிந்து பெறுவதே திருமுழுக்கு என்று மறுபடியும் பெற்றார்கள். அவர்களில் ஃபெலிக்ஸ் மான்ஸ் என்பவரை இரண்டு வருடம் கழித்து அந்த ஊர் ஆற்றிலேயே மூழ்கடித்துக் கொன்றார்கள். தண்ணீரைக் கேட்டவனுக்குத் தண்ணீர் என்ற குரூர நகைச்சுவை வேறு.

நான் போபோ பக்கம். பைபிளில் ரூத் மாமியார் நகோமியின் பின்னால் போனது இறையியல் படித்துவிட்டு இல்லை. அந்தக் கிழவியைத் தனியாக விட மனசு வரவில்லை, கடவுள் கூடவே வந்தார். ஆனால் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த வாரமே தாத்தா படத்துக்கு முன்னிருந்த ஊதுபத்திக் கிண்ணத்தை எடுத்துவிட்டார்கள். சுவரில் புகை படிந்த கறை மட்டும் மிச்சம். போபோ அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தார் என்றான் நண்பன். “நானும் வரேன்” என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. தாத்தாவை விட்டுவிட்டு வரேன் என்று சொன்னதாகக் கேட்கவில்லை. யாரும் அவரிடம் அதைக் கேட்கவும் இல்லை.

ஒருவருடைய திருமுழுக்கை வைத்து மற்றவர்கள் அடித்துக்கொள்வது இந்த ஊருக்குப் புதிதில்லை. மரியா ஹெர்டோக் 1937ல் ஜாவாவில் டச்சுக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, சில வாரங்களில் திருமுழுக்கு பெற்றவள். போர்க்காலத்தில் அமினா என்ற மலாய்ப் பெண்ணிடம் சேர்ந்து, நாட்ரா என்ற முஸ்லிம் பெண்ணாக வளர்ந்தாள். 1950ல் பெற்றோர் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் அவளைத் திருப்பிக் கேட்டார்கள். தீர்ப்பு தகப்பனின் உரிமையை வைத்து வந்தது, திருமுழுக்கை வைத்து அல்ல. ஆனால் அவளைக் கன்னியர் மடத்தில் வைத்ததும், அங்கே மாதா சிலை முன் அவள் இருக்கும் படம் பத்திரிகையில் வந்ததும் ஊர் கொதித்தது. டிசம்பர் 11 முதல் மூன்று நாள் கலவரம், 18 பேர் செத்தார்கள். அமினாவோடுதான் இருப்பேன் என்று அந்தப் பதின்மூன்று வயதுப் பெண் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்காகக் குழந்தைக்கு எதுவும் கொடுக்கவே கூடாதா? பெயரையும் தமிழையும் என்னைக் கேட்டா கொடுத்தார்கள்? ஆனால் பெயரை மாற்றிக்கொள்ளலாம், தமிழை மறந்து போகலாம் (இங்கே அதற்குப் பெரிய முயற்சி தேவையில்லை). திருமுழுக்கு மட்டும் அழியாத முத்திரை என்கிறது திருச்சபை. இருபது வயதில் அந்த வார்த்தை எரிச்சலாக இருந்தது. நான் போட்ட கையெழுத்தா அது?

இப்போது அவ்வளவு எரிச்சல் இல்லை. காரணம் என் ஞானத்தந்தை. பள்ளி பஸ் ஓட்டிய மனுஷன். தொடக்கநிலை ஆறில் கணக்கில் நான் கோட்டை விட்டபோது, வீட்டுக்குச் சொல்லாமல் தேக்காவுக்குக் கூட்டிப்போய் புரோட்டா வாங்கிக் கொடுத்தார். பூசைக்குப் போனியா என்று ஒரு நாள் கேட்டதில்லை. பட்டமளிப்பு அன்று கோட் போட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அன்று என் சார்பில் அவர் சொன்ன “நம்புகிறேன்” எனக்கு ஒட்டவில்லை. அவர் ஒட்டிக்கொண்டார்.

நேற்று அக்காவுக்குப் போன் பண்ணினேன். பாப்பாவுக்காகக் கடைசி வரைக்கும் நிக்கிறேன், ஆனா அந்தக் கேள்விக்கு வாய் திறக்க மாட்டேன், ஃபாதர் கிட்ட இதை அப்படியே சொல்லிடு என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் பாப்பா அழுகிற சத்தம் கேட்டது.

“கேட்டுட்டுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டாள். இன்னும் கூப்பிடவில்லை.