மெஷினுக்குச் சாதி ஏது?

எங்கப்பா கடப்பாரையும் மண்வெட்டியுமாய் டெலிபோன் கேபிளுக்குப் பள்ளம் வெட்டினவர். ஐந்தரை அடி ஆழம். தாகமென்றால் வாசலுக்கு வெளியே நின்று கையேந்திக் குடிக்கணும்.

இன்று, நடுவில் மடங்கித் திரும்பும் சின்ன டிராக்டர் சங்கிலிப் பல்லால் மண்ணைக் கீறிக்கொண்டு போகிறது. ‘மெஷினுக்குச் சாதி ஏது?’ என்கிறார் தோழர் ஒருவர். சரிதான். ஆனால் பழைய குழாய் குறுக்கிட்டால் மெஷினை நிறுத்திக் கையால்தான் தோண்டணும். அது சாக்கடைக் குழாயென்றால் யாரைக் கூப்பிடுறாங்க? எங்க தெருப் பையன்களை.

பாதுகாப்பில்லாமல் மலக்குழியில் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. அதற்குப் பிறகும் இறங்கிச் செத்தார்கள். கம்பி புதைக்க மெஷின் வாங்கத் துட்டு இருக்கிறவர்களுக்கு, மலக்குழிக்கு வாங்க மட்டும் ஏன் மனசில்லை? மெஷினைவிட மலிவாய் நாங்கள் கிடைப்பதால்தானே?

மெஷினுக்குச் சாதி இல்லைதான், தோழர். அதை எங்கே இறக்குவது, எங்களை எங்கே இறக்குவது என்று முடிவு பண்ணுறவனுக்கு இருக்கு.