பெற்றோர் வாங்கிய பணமும் பிள்ளையின் கடமையும்

பெரும் பாவங்களில் மிகப் பெரியவை எவை என்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை தம் தோழர்களுக்கு எடுத்துரைத்தார்கள். அல்லாஹ்வுக்கு இணை வைப்பதையும் பெற்றோரை நோவினை செய்வதையும் முதலில் கூறினார்கள். அதுவரை சாய்ந்திருந்த அண்ணலார் அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, அடுத்ததாகப் பொய்ச் சாட்சியத்தைக் குறிப்பிட்டார்கள். இனிப் போதும் என்று நிறுத்திக்கொள்ள மாட்டார்களா என ஸஹாபாக்கள் ஏங்கும் அளவுக்கு அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ள ஹதீஸ் இது.

பெற்றோரை நோகச் செய்வதும் பொய்ச் சாட்சி சொல்வதும் இங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. சாதாரண நாட்களில் இரண்டையும் தவிர்ப்பது ஒரு முஸ்லிமுக்குக் கடினமல்ல. ஆனால் பெற்றோரே பொய் சொல்லும்படி கேட்டால்? மறுத்தால் அவர்கள் மனம் உடைகிறது. இணங்கினால் பொய்ச் சாட்சியாகிறது. அந்த நேரத்தில் மகன் என்ன செய்வான்?

இது கற்பனைக் கேள்வி அல்ல. பிரிட்டனில் குடியேறி முதுமையடைந்த முஸ்லிம்களின் வீடுகளில் எழக்கூடிய கேள்வி. தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் அங்கே போய் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய உறவினர்கள் இந்தப் பக்கங்களைப் படிக்கிறார்கள். ஆகவே விஷயத்தைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

அந்த உதவித் தொகை எப்படிப்பட்டது?

பிரிட்டனில் 2003 அக்டோபர் முதல் பென்ஷன் கிரெடிட் என்ற உதவி நடைமுறையில் இருக்கிறது. முதியவர்களின் வருமானம் ஓர் அளவுக்குக் கீழே இருந்தால், குறைகிற பணத்தை அரசாங்கம் நிரப்பிக் கொடுக்கும். 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் அந்த அளவு தனியாக வாழ்பவருக்கு வாரம் 227.10 பவுண்டு, தம்பதிக்கு 346.60 பவுண்டு. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நிலைமை மாறினால் மாற்றத்தை உடனே இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

எந்த மாற்றங்கள்? சேமிப்பு 10,000 பவுண்டுக்கு மேற்பட்டால், மேற்பட்ட ஒவ்வொரு 500 பவுண்டுக்கும் வாரம் ஒரு பவுண்டு வருமானம் இருப்பதாகக் கணக்கிடுவார்கள். உடல் இயலாமைக்காகக் கூடுதல் தொகை பெற்றுத் தனியாக வாழும் முதியவரின் வீட்டில் வளர்ந்த மகன் குடிவந்தால் அந்தக் கூடுதல் நின்றுவிடலாம். வெளிநாட்டில் தற்காலிகமாகத் தங்குவது பொதுவாக 4 வாரங்களுக்கு மேற்போகக் கூடாது. நெருங்கிய உறவினர் மரணத்துக்கும் மருத்துவ சிகிச்சைக்கும் மட்டும் இதில் சலுகை உண்டு. 2016 ஜூலைக்கு முன்பு இந்த வரம்பு 13 வாரங்களாக இருந்தது. உம்ராவை முடித்துக்கொண்டு ஊரில் மூன்று மாதம் தங்கித் திரும்பும் வழக்கமுள்ள பெரியவர், விதி மாறியதை அறியாமலேயே குற்றத்தின் வாசலுக்கு வந்துவிட முடியும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பென்ஷன் கிரெடிட் வாங்கும் ஒரு தந்தைக்கு ஊரிலிருந்து வாரிசுப் பங்காக 30,000 பவுண்டு வருகிறது. வேறு சேமிப்பு இல்லை. அவர் இலாகாவுக்குச் சொல்லவில்லை. முதல் 10,000 போக எஞ்சிய 20,000க்கு வாரம் 40 பவுண்டு வருமானமாகக் கொள்ளப்படும். மூன்று ஆண்டுகள் இப்படிப் போனால் 6,240 பவுண்டு உரிமையின்றி வாங்கப்பட்டதாகிறது. ஒருநாள் கடிதம் வருகிறது. ஒலிப்பதிவு செய்யப்படும் விசாரணைக்கு வர வேண்டும், வக்கீலை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. உம்மா அழுகிறார். வாப்பா மகனைக் கூப்பிட்டு, "அந்தப் பணம் உன்னுடையது, என் கணக்கில் போட்டு வைத்தேன் என்று நீ ஒரு வார்த்தை சொல்லிவிடு" என்கிறார்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லலாமா?

பாவம் வேறு, கடன் வேறு

முதலில் இங்கே கலந்துகிடக்கும் மூன்று கேள்விகளைப் பிரித்தாக வேண்டும். வாப்பா பாவம் செய்தாரா? அந்தப் பணம் அவர் மீது கடனா? அவர் தண்டனைக்கு உரியவரா? பெரும்பாலோர் மூன்றையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள்.

தவறுதலாகவும் மறதியாகவும் நிர்ப்பந்தத்தாலும் நடப்பவற்றை இந்த உம்மத்துக்கு அல்லாஹ் மன்னித்திருப்பதாக இப்னு மாஜாவில் ஹதீஸ் உள்ளது. இந்த மன்னிப்பு பாவத்தை நீக்குமே தவிர, பிறர் பொருளுக்குரிய பொறுப்பை நீக்காது என்பது ஃபிக்ஹு கலை மேதைகள் வகுத்த சட்டம். தன்னுடையதென்று நினைத்து அயலாரின் உணவை ஒருவர் சாப்பிட்டுவிட்டால் அவர் திருடர் அல்லர். ஆனாலும் அதன் விலையைக் கொடுத்தாக வேண்டும்.

பிரிட்டனின் சட்டமும் ஏறக்குறைய இதே பிரிவினையைச் செய்திருக்கிறது. 1992ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகச் சட்டத்தின் 71ஆம் பிரிவு, தெரிவிக்க வேண்டியதைத் தெரிவிக்காததால் கூடுதலாகப் போன பணத்தை, மோசடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் திரும்பப் பெறலாம் என்கிறது. தண்டனைக்கோ வேறு பிரிவுகள். மனமறிந்து நேர்மையின்றிச் செய்ததாக 111ஏ பிரிவில் நிரூபணமானால் அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அதைவிடச் சிறிய குற்றத்துக்கு 112ஆம் பிரிவில் அதிகபட்சம் 3 மாதம். ஆக, அங்கும் நிய்யத்து எடைபோடப்படுகிறது. ஆனால் கடன் நிய்யத்தைப் பார்ப்பதில்லை.

ஆகவே, "எனக்குத் தெரியாது" என்று வாப்பா சொல்வது உண்மையானால், அது முதல் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் பதிலாகும். இரண்டாவது கேள்விக்குப் பதிலாகாது. 6,240 பவுண்டும் கடனாகவே நிற்கும்.

சிலர் சொல்லும் சமாதானங்கள்

"முஸ்லிமல்லாத அரசின் பணம்தானே" என்பார்கள். மக்கத்துக் குறைஷிகள் நபி (ஸல்) அவர்களைக் கொல்லத் திட்டமிட்ட இரவில், அந்த ஊராரின் அமானிதப் பொருள்கள் அண்ணலாரின் வசமே இருந்தன. அவற்றை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காக அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுவிட்டே ஹிஜ்ரத் புறப்பட்டார்கள் என்பது ஸீரா நூல்கள் கூறும் வரலாறு. முகீரா (ரலி) அவர்கள் இஸ்லாத்துக்கு வருமுன், உடன் பயணம் செய்தவர்களைக் கொன்று அவர்கள் பொருளை எடுத்துக்கொண்டு மதீனாவுக்கு வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவரது இஸ்லாத்தை ஏற்றார்கள். அந்தப் பொருளில் தமக்குச் சம்பந்தமில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். இது புகாரியில் இருக்கிறது. கொல்ல வந்தவனின் பொருளுக்கே இந்த மரியாதை என்றால், குடியுரிமையும் பாதுகாப்பும் தந்து, பாரத்தில் நம் கையெழுத்தையும் வாங்கிய நாட்டின் கருவூலத்துக்கு எவ்வளவு மரியாதை இருக்க வேண்டும்?

"நாற்பது வருடம் வரி கட்டினோம், அதில் எங்கள் பங்கு இருக்கிறது" என்பார்கள். கைபரில் போரிட்ட வீரர்களுக்கும் கனீமத்தில் பங்கு இருக்கத்தான் செய்தது. ஆயினும் பங்கிடுமுன் எடுக்கப்பட்ட ஒரு போர்வை, எடுத்தவர் மீது நெருப்பாக எரிவதாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அதைக் கேட்டு நடுங்கிய ஒருவர், தாம் எடுத்திருந்த செருப்பு வாரைக் கொண்டுவந்து வைத்தார். பொதுப் பொருளில் பங்கிருப்பது வேறு, பங்குக்கு மேல் கைவைப்பது வேறு. தொகை சிறியது என்ற சாக்குக்கும் அந்தச் செருப்பு வாரிலேயே பதில் இருக்கிறது.

முதியவர்களைத் திருடர்கள் என்று சொல்லாதீர்கள்

இதைச் சொல்வதால் விசாரணைக்கு உள்ளானவர்கள் எல்லாரும் மோசடிக்காரர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மஹல்லாவில் வாய்க்கு வாய் பேசி ஒரு பெரியவரின் மானத்தைக் குலைப்பதும் பெரும் பாவமே. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர், நீண்ட கடிதங்களைப் பிரிக்காமலேயே அலமாரியில் வைப்பவர், ஊரில் உள்ள பணம் கணக்கில் சேராது என்று உளமார நம்பியவர், நினைவு மங்கத் தொடங்கியவர் என்று பல வகையினர் இருக்கிறார்கள்.

நோயாளிகளையும் முதியோரையும் வாரம் 35 மணி நேரமாவது பராமரிப்போருக்கு பிரிட்டனில் ஓர் உதவித் தொகை உண்டு. சம்பாத்திய வரம்பை ஒரு பவுண்டு தாண்டினாலும் அந்த வாரத் தொகை முழுவதும் கடனாகிவிடும். இதனால் ஏராளமானோர் கடனாளிகளானார்கள். இதுபற்றி லிஸ் சேய்ஸ் தலைமையில் நடந்த சுதந்திர ஆய்வின் அறிக்கை 2025 நவம்பரில் வெளிவந்தது. மக்கள் வேண்டுமென்றே விதியை மீறியதைவிட, அமைப்பின் குறைகளே அந்தக் கடன்களுக்குக் காரணம் என்று அது கண்டது. நீதி செய்யும் கடமை இலாகாவுக்கும் உண்டு.

முதுமையில் பொதுநிதியிலிருந்து உதவி பெறுவதும் இழிவல்ல. யாசித்து நின்ற ஒரு யூத முதியவரைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், அவருக்கு பைத்துல்மாலிலிருந்து கொடுக்க ஏற்பாடு செய்ததை இமாம் அபூயூசுஃப் (ரஹ்) தமது கிதாபுல் கராஜில் பதிவு செய்திருக்கிறார்கள். உரிமை உள்ளவர் கூச்சமின்றி வாங்கலாம். உரிமை மாறினால் சொல்லிவிட வேண்டும், அவ்வளவே.

இன்னொன்றையும் பிள்ளைகள் சிந்திக்க வேண்டும். பல வீடுகளில் பாரத்தை நிரப்பியவர் மகன். கையெழுத்திட்டவர் மட்டுமே வாப்பா. 30,000 வந்ததை அறிந்தும், "அதை எழுத வேண்டாம்" என்றது யார்? தாமே செயல்பட முடியாத முதியவருக்குப் பதிலாகப் பிள்ளையை இலாகா பொறுப்பாளராக ஏற்றிருந்தால், மாற்றத்தைத் தெரிவிக்கும் கடமை அந்தப் பிள்ளையுடையது. அறியாத தந்தை மீது பாவம் இல்லாதிருக்க, அறிந்த மகன் மீது அது எழுதப்பட்டிருக்கக் கூடும்.

மகன் செய்ய வேண்டியது

வாப்பா கேட்ட அந்த ஒரு வார்த்தைக்கு வருவோம். அதைச் சொல்லக் கூடாது. நீதியில் உறுதியாக நின்று, தமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக அமைந்தாலும் அல்லாஹ்வுக்காகச் சாட்சி சொல்ல வேண்டும் என்பது திருமறையின் கட்டளை (4:135). ஆனால் சொல்ல மறுப்பது பெற்றோரை நோவினை செய்வதாகாது. இணைவைக்கும்படி வற்புறுத்தும் பெற்றோருக்கே அதில் கீழ்ப்படியாதே, எனினும் உலக வாழ்வில் அவர்களோடு நல்லபடியாக உறவாடு என்று அல்லாஹ் தஆலா சொல்கிறான் (31:15). கட்டளைக்கு மறுப்பு, நடத்தையில் கனிவு. இரண்டும் ஒரே ஆயத்தில் இருக்கின்றன. நோவினை என்பது மறுப்பில் இல்லை. மறுக்கும் விதத்தில் இருக்கிறது. "உங்களால் எங்களுக்கு அவமானம்" என்று ஒரு சொல் வந்துவிட்டால், பொய் சொல்லாதவனும் அந்த ஹதீஸின் இரண்டாவது பாவத்தில் விழுந்துவிட்டான். இப்ராஹீம் (அலை) அவர்கள் தந்தையின் வழியை மறுத்தபோதும் ஒவ்வொரு முறையும் "என் தந்தையே" என்றே அழைத்ததை மர்யம் அத்தியாயத்தில் காண்கிறோம்.

மகன் தானே ஓடிச் சென்று பெற்றோரைக் காட்டிக்கொடுக்க வேண்டுமா என்றால், என் சிற்றறிவுக்கு எட்டிய வரை, முதல் வழி அதுவல்ல. பெற்றோரே முன்வந்து சொல்லும்படி அவர்களுக்குத் துணிவூட்டுவதே வழி. கடிதம் வருமுன் சொல்லிவிடுவது எல்லாவற்றிலும் மேல்.

விசாரணைக்கு அவர்களைத் தனியே அனுப்பாதீர்கள். வக்கீலை அமர்த்துவதும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதும் தக்வாவுக்கு முரணல்ல. தெரியாததைத் தெரியாது என்பதும், வக்கீலின் யோசனைப்படி மௌனமாக இருப்பதும் பொய்யல்ல. வாப்பாவுக்கு மறதி நோய் இருந்தால் மருத்துவரின் சான்றைக் கொண்டு செல்லுங்கள். அவருக்கு எதிரான உண்மையைப் போலவே அவருக்குச் சாதகமான உண்மையும் அமானிதம்தான். பயத்தில், செய்யாத சூழ்ச்சியைச் செய்ததாக ஒப்புக்கொள்வதும் பொய்யே.

பிறகு கடன். ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டது. அவருக்குக் கடன் இருப்பதை அறிந்த நபி (ஸல்) அவர்கள், தாம் தொழவைக்காமல் தோழர்களைத் தொழும்படி சொன்னார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பிறகே தொழுதார்கள். இறந்த தோழர் ஒருவருக்காக இன்னொரு தோழர் செய்ததை, உயிரோடிருக்கும் தந்தைக்காக மகன் செய்ய வேண்டாமா? அந்த 30,000இல் பிள்ளைகளின் கல்யாணத்துக்கும் கடைக்கும் போனது எவ்வளவு என்று கணக்கிட்டு, வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்கட்டும். சகோதர சகோதரிகள் பகிர்ந்துகொள்ளட்டும். இயலாதவர்கள் தவணை கேட்கட்டும். சிரமத்திலுள்ள கடனாளிக்கு அவகாசம் தரும்படி திருமறையே கூறுகிறது (2:280). தட்டிக்கழித்தால் பெற்றோரின் மரணத்தோடு கடன் சாகாது. வாரிசுப் பங்கீடே கடனைத் தீர்த்த பிறகுதான் (4:11). அவர்கள் விட்டுச்சென்ற சொத்திலிருந்து இலாகாவும் வசூலிக்க முடியும்.

"வாப்பா, அந்தப் பொய்யை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். கடனை நான் அடைக்கிறேன். விசாரணை அறையிலும் உங்கள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன்." மகன் சொல்ல வேண்டிய வார்த்தை இதுவே. இதைச் சொல்லும் மகன் இரண்டு கட்டளைகளில் எதையும் விடவில்லை.

வல்ல அல்லாஹ் நம் பெற்றோரின் தவறுகளைப் பொறுத்தருள்வானாக! பிறர் கடன் கழுத்தில் இல்லாத நிலையில் அவர்களையும் நம்மையும் தன்னிடம் அழைத்துக்கொள்வானாக! ஆமீன்.