தெரிந்ததைச் சொல்வதும் அமானிதமே

அமானிதம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவன பணமும் நகையும் பத்திரமும்தான். ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் நம்மிடம் ஒப்படைத்துச் சென்ற பெட்டியை, அவர் திரும்பி வந்ததும் பூட்டுக் கலையாமல் கொடுத்துவிட்டால் அமானிதத்தை நிறைவேற்றிவிட்டோம் என்று நிம்மதி கொள்கிறோம். அது சரியே. ஆனால் கையில் எடுத்துப் பார்க்க முடியாத அமானிதங்களும் உண்டு. பிறர் உயிருக்கு ஆபத்து நெருங்குகிறது என்ற செய்தி நமக்கு முதலில் தெரிந்துவிட்டால் அந்தச் செய்தியும் ஓர் அமானிதமே. அந்த ஆபத்துக்கு ஆளாகக் கூடியவர்தான் அதற்கு உரியவர். அவரிடம் அது போய்ச் சேரும் வரை நாம் கடனாளிகளே.

அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைத்துவிடும்படி அன்னிஸா அத்தியாயத்தின் 58ஆவது வசனத்தில் அல்லாஹ் தஆலா கட்டளையிடுகிறான். அதே அத்தியாயத்தின் 83ஆவது வசனத்திலோ, அச்சம் தரும் செய்தி ஒன்று காதில் விழுந்ததும் அதை ஆராயாமல் ஊரெல்லாம் பரப்பி விடுகிறவர்களைக் கண்டிக்கிறான். பொறுப்பில் உள்ளவர்களிடம் அதைக் கொண்டு சென்றிருந்தால் ஆராய்ந்தறியும் ஆற்றல் உள்ளோர் உண்மையைத் தெரிந்து கொண்டிருப்பார்கள் என்றும் உணர்த்துகிறான். இவ்விரு வசனங்களையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். உரிய செய்தியை மறைப்பதும் குற்றம். உறுதியாகாத செய்தியைப் பரப்புவதும் குற்றம்.

இதற்கு அழகிய முன்மாதிரி கலீபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் நிகழ்ந்தது. அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிப் பயணமாகி ஸர்கு என்ற இடத்தை அடைந்தபோது, படைத் தளபதிகளான அபூ உபைதா (ரலி) அவர்களும் தோழர்களும் எதிர்கொண்டு வந்து, ஷாமில் கொள்ளை நோய் பரவியிருப்பதை முதலில் அறிவித்தார்கள். கலீபாவின் வருகை தடைப்படுமே என்று அவர்கள் அதை மறைக்கவில்லை. உமர் (ரலி) அவர்கள் முஹாஜிர்களை அழைத்து ஆலோசித்தார்கள். பிறகு அன்சாரிகளை அழைத்தார்கள். பிறகு குறைஷிப் பெரியவர்களை அழைத்தார்கள். திரும்பிவிடுவதே முடிவாயிற்று. அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் கலீபா விடையளித்தார்கள். பின்னர் அங்கு வந்து சேர்ந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள், கொள்ளை நோய் உள்ள ஊருக்குள் செல்லலாகாது, நாம் இருக்கும் ஊரில் அது பரவினால் அதிலிருந்து வெருண்டு வெளியேறலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை எடுத்துரைத்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்து, வந்த வழியே திரும்பினார்கள்.

இந்நிகழ்ச்சியில் ஒவ்வொருவரும் தம்மிடமிருந்த செய்தியை உரியவரிடம் சேர்த்துவிட்டார்கள். தளபதிகளிடம் நோயின் செய்தி இருந்தது, சொன்னார்கள். அபூ உபைதா (ரலி) அவர்களின் உள்ளத்தில் ஐயம் இருந்தது; கேட்டார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களிடம் ஹதீஸ் இருந்தது, எடுத்து வைத்தார்கள். தலைமையில் இருந்தவர் எல்லாரையும் கேட்டுத் தீர்மானித்தார். ஒருவர் வாய் மூடியிருந்தாலும் எத்தனை உயிர்களுக்குக் கேடாகியிருக்கும்!

நம் காலத்துக்கு வருவோம். 2020 மார்ச் 11 அன்று கொரோனா நோயை உலகப் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. தொழில் நிறுவனங்கள் மீண்டும் திறக்கப்பட்டபோது வாயிலில் கை கழுவும் ஏற்பாடும், காய்ச்சல் பார்க்கும் கருவியும், சுவரில் அறிவிப்பும் இருந்தன. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் சுவரில் ஒரு தாளை ஒட்டியதோடு முதலாளியின் அமானிதம் நிறைவேறிவிடுமா? மூன்று நிபந்தனைகள் கூடினால்தான் நிறைவேறும் என்பது நம் எண்ணம்.

முதலாவது, சொல்லும் செய்தி முழு உண்மையாக இருக்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். தானியத்தின் ஈரத்தை மறைப்பதே இவ்வளவு பெரிய குற்றமென்றால், ஒரு பட்டறையில் நோய் நுழைந்துவிட்டதை அங்கே தோளோடு தோள் நின்று உழைப்பவர்களிடம் மறைப்பது எத்தகையது? நோயாளியின் பெயரைச் சொல்லி அவரை நாணச் செய்ய வேண்டியதில்லை. இந்தப் பிரிவில் நோய் கண்டிருக்கிறது, இன்னின்ன நாட்களில் அங்கிருந்தவர்கள் கவனமாக இருங்கள் என்று சொன்னால் போதும்.

மறைப்பின் விளைவை நம் நாடு ஒருமுறை கண்டிருக்கிறது. 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில் போபால் நகரில் யூனியன் கார்பைடு தொழிற்சாலையிலிருந்து நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. சுவரை ஒட்டிக் குடியிருந்த ஏழைகளுக்கு உள்ளே இருப்பது என்ன பொருள், அது வெளிப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது சொல்லப்பட்டிருக்கவில்லை. அதன் பின்னரே 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 1987இல் திருத்தப்பட்டு, அபாயமான தொழில் நடத்துகிறவர் அதன் ஆபத்துகளைத் தொழிலாளர்களுக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் தெரிவித்தாக வேண்டும் என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சட்டத்துக்கு இது அவ்வளவு உயிர்களைப் பலி கொடுத்த பிறகு வந்த பாடம். மார்க்கமோ இதை நனைந்த தானியக் குவியலிலேயே கற்றுக் கொடுத்துவிட்டது.

இரண்டாவது நிபந்தனை, கேட்பவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். தூதர்கள் ஒவ்வொருவரையும் அவரவர் சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பியதாக இப்ராஹீம் அத்தியாயத்தின் 4ஆவது வசனத்தில் அல்லாஹ் கூறுகிறான். அவர்களுக்குத் தெளிவாக விளங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். நம் சென்னையில் கட்டட வேலை செய்பவர்களில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒட்டிய தாள் வெறும் சுவரே. கடல் கடந்தும் இதைக் கண்டோம். சிங்கப்பூரில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் வங்கதேசத்தாரும் நெருங்கித் தங்கியிருந்த விடுதிகளில் 2020 ஏப்ரலில் நோய் பெருகியது. அவ்வாண்டின் இறுதியில் பார்த்தபோது விடுதிவாசிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரை அது தொட்டுச் சென்றிருந்தது. ஓர் அறையில் பலர் படுத்துறங்கும் இடத்தில், தம் தாய்மொழியில் ஒரு தெளிவான சொல் கிடைப்பது மருந்துக்கு அடுத்த ஆறுதலாகும். எழுத்தறியாதவருக்கு வாயால் சொல்ல வேண்டும். தொழுகைக்கான அழைப்பையே மார்க்கம் எழுதி ஒட்டச் சொல்லவில்லை. பிலால் (ரலி) அவர்களின் குரலில் ஒலிக்கச் செய்தது.

மூன்றாவது நிபந்தனைதான் எல்லாவற்றிலும் கடினமானது. கேட்டவர் அதன்படி நடக்க வழி செய்து கொடுக்க வேண்டும். காய்ச்சல் கண்டால் வேலைக்கு வராதீர்கள் என்று அறிவித்துவிட்டு, வராத நாளுக்குக் கூலியைப் பிடித்துக்கொண்டால் அந்த அறிவிப்புக்கு என்ன பொருள்? அன்றாடக் கூலியில் அடுப்பெரிக்கும் தொழிலாளி காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டு வரிசையில் வந்து நிற்பார். அவரைக் குறை சொல்லும் முன், அவரைப் பொய்யராக்கியது யார் என்று கேட்க வேண்டும். ஊரடங்குக் காலத்தில் கூலியைக் குறைக்காமல் கொடுக்கும்படி 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் ஆணையிட்டது. மே 18 முதல் அந்த ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. அரசின் ஆணை வரும், போகும். நம் கைக்குக் கீழ் உழைப்பவர்கள் நம் சகோதரர்கள், நாம் உண்பதிலிருந்து அவர்களுக்கும் உணவளிக்க வேண்டும் என்ற நபி (ஸல்) அவர்களின் ஆணை விலக்கிக்கொள்ளப்படவில்லை.

அதே மார்ச் மாத இறுதியில் சவூதி அரேபிய அரசு, உரிய ஆவணமின்றித் தங்கியிருப்பவர் உட்பட அனைவருக்கும் கொரோனாச் சிகிச்சை இலவசம் என்று அறிவித்தது. பிடிபடுவோம் என்று அஞ்சுகிறவர் நோயை மறைப்பார். அஞ்ச வேண்டாம் என்று சொல்லப்பட்டவரே வெளியே வருவார். வளைகுடாவில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரவெல்லாம் உறங்காதிருந்த நம் குடும்பங்களுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும்.

சொல்வதைப் போலவே கேட்பதும் தலைமையின் கடமை. 2021 மே மாதம் இரண்டாம் அலை வாட்டியபோது, ஒரகடத்திலுள்ள ரெனோ நிஸ்ஸான் கார்த் தொழிற்சாலையின் தொழிலாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. இடைவெளி விதிகள் பேணப்படவில்லை என்றது சங்கம். விதிகளைப் பேணியே வருகிறோம் என்றது நிர்வாகம். மே 26 முதல் சில நாட்களுக்கு ஆலை நிறுத்தப்பட்டது. அதே வாரத்தில் ஹூண்டாய் ஆலையிலும், தொழிலாளர் சிலர் உள்ளேயே அமர்ந்து மறுப்புத் தெரிவித்த பிறகு, ஐந்து நாட்கள் உற்பத்தி நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. ஆனால் உழைப்பவர் தம் அச்சத்தைச் சொல்ல நீதிமன்றம் வரை போகும் முன்பே, அவரை அழைத்துக் கேட்கும் ஒரு ஸர்கு ஒவ்வொரு தொழிற்சாலையிலும் இருக்க வேண்டும்.

ஊர் மக்களுக்குச் செய்தி சரியாகப் போய்ச் சேராவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் சென்னை கண்டது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யக் கொண்டு சென்றபோது, அதனால் நோய் பரவும் என்று அஞ்சிய கூட்டம் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. முறைப்படி அடக்கப்படும் உடலால் ஆபத்தில்லை என்ற ஒரு சொல் அந்தத் தெருக்களுக்கு முன்னரே போய்ச் சேர்ந்திருந்தால் அந்த அவலம் நேர்ந்திராது. அடக்கத்தைத் தடுப்பவருக்குச் சிறைத் தண்டனை என்று அரசு அம்மாதமே அவசரச் சட்டம் கொண்டு வந்தது. அதே நாட்களில் ஒரு கூட்டத்தைக் காட்டி நம் சமுதாயம் முழுவதையுமே நோயின் பெயரால் தூற்றியவர்களும் இருந்தார்கள். ஆராயாத செய்தி எப்படிச் சுடும் என்பதை நாமே பட்டறிந்தோம். ஆகவே பிறரைப் பற்றி வரும் செய்தியைக் கைப்பேசியில் தட்டிவிடும் முன், ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆவது வசனத்தை நினைத்து நின்று விசாரிக்கும் கடமை நமக்கு மற்றவர்களைவிட அதிகம்.

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருவோம். நிறுவனம் என்றால் பெரிய ஆலை மட்டும்தான் என்று எண்ணலாகாது. நாம் வசிக்கும் இந்த அபிராமபுரத்தில் காலையில் சமையலுக்கு ஓர் அம்மா வருகிறார். பாத்திரம் துலக்க இன்னோர் அம்மா வருகிறார். வண்டி ஓட்ட ஒருவர், வாசலில் காவலுக்கு ஒருவர். அந்த அம்மா நம் வீட்டை விட்டுப் போய் இன்னும் நான்கு வீடுகளில் வேலை செய்து, மாலையில் தம் பிள்ளைகளிடம் திரும்புகிறார். அவரைப் பொறுத்தவரை நம் வீடே நிறுவனம், நாமே நிர்வாகம். நம் வீட்டில் ஒருவருக்குத் தொற்றும் காய்ச்சல் கண்டால், அன்று காலை அவர் படியேறுமுன் அதைச் சொல்ல வேண்டும். அம்மா, இங்கே காய்ச்சல் இருக்கிறது, நான்கு நாள் வர வேண்டாம், சம்பளம் குறையாது என்று சொன்னால் மூன்று நிபந்தனைகளும் நிறைவேறிவிடும். அக்கம்பக்கம் என்ன நினைக்குமோ என்று மறைத்து அவரை அடுப்படிக்கு அனுப்பினால், நனைந்த தானியத்தை உள்ளே தள்ளிய வியாபாரிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

சொல்லப்பட்டவருக்கும் கடமை உண்டு. தொழுநோய் கண்ட ஒரு பெண்மணி கஅபாவைத் தவாஃப் செய்துகொண்டிருந்தபோது, மக்களுக்குத் துன்பம் நேராதபடி வீட்டில் இருந்துகொள்வது நல்லதென்று உமர் (ரலி) அவர்கள் அவரிடம் சொன்னார்கள். அவரும் இருந்துகொண்டார். கலீபா மறைந்த பின் ஒருவர் வந்து, தடுத்தவர் போய்விட்டார், இனி வெளியே வரலாம் என்றார். உயிரோடு இருந்தபோது கட்டுப்பட்டுவிட்டு அவர் இறந்தபின் மாறு செய்யமாட்டேன் என்று மறுத்துவிட்டார் அந்தப் பெண்மணி. அன்போடும் உண்மையோடும் சொல்லப்பட்ட சொல்லுக்கு மேற்பார்வையாளர் தேவையில்லை. அது உள்ளத்தில் இருந்து காவல் செய்யும். அப்படி நன்மையை நாடிப் பொறுமையோடு தம் இடத்தில் தங்கியிருப்பவருக்கு ஷஹீதின் கூலி உண்டு என்ற நற்செய்தியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடமிருந்து அறிவித்திருக்கிறார்கள்.

2023 மே 5 அன்று கொரோனா உலகளாவிய அவசரநிலை அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதோடு சுவரிலிருந்த தாள்களும் கிழிந்து போயின. ஆனால் கொள்ளை நோய்கள் இதற்கு முன்னும் வந்தன. அல்லாஹ் நாடினால் இனியும் வரலாம். உண்மை பேசும் பழக்கத்தை ஆபத்து வந்த நாளில் புதிதாகத் தொடங்க முடியாது. நலமாயிருக்கும் நாட்களிலேயே பழகிக்கொள்ள வேண்டும். கடை வைத்திருப்பவர் தம் பையன்களிடமும், பட்டறை வைத்திருப்பவர் தம் ஆட்களிடமும், முதவல்லி தம் மஹல்லாவாசிகளிடமும், இல்லத்தரசி தம் வீட்டுக்கு வேலைக்கு வருபவரிடமும் இன்றே இதைத் தொடங்கலாம்.

நமக்குத் தெரிந்ததை உரியவரிடம் உள்ளபடி சேர்ப்பிக்கும் நாவையும், எளியவர் சொல்வதைப் பொறுமையோடு கேட்கும் செவியையும், சொன்னபடி நடக்க அவர்களுக்குத் துணை நிற்கும் கையையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.