பொறுத்துக்கொள்வது யார் வலியை?

நருட்டோ பார்த்தவர்களுக்கு இந்த எழுத்து பழக்கம்தான். நான்காம் ஷினோபிப் போரில் எல்லாரும் நெற்றிப்பட்டையில் தாங்கியிருப்பது. சீனத்தில் ‘ரென்’ என்று படிப்பார்கள். மொத்தம் 7 கோடுகள்; மேலே கத்தியின் கூர்விளிம்பு, கீழே இதயம். பொருள்: பொறுத்துக்கொள்.

நெஞ்சின்மேல் கத்தி இருந்தும் அசையாமல் இருப்பதே பொறுமை என்று விளக்கம் சொல்வதுண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் தொகுத்த அகராதியின்படி, கத்தி அங்கே உச்சரிப்பைக் காட்டத்தான் வந்திருக்கிறது. அதன் பெயரும் ‘ரென்’. பொருள் தருவது இதயம்தான்.

ஒன்பது தலைமுறையாகப் பிரியாமல் வாழ்ந்த குடும்பம் ஒன்றின் தலைவர் ஜாங் கொங்யி. அதெப்படி முடிந்தது என்று தாங் பேரரசர் காவ்சோங் கேட்டபோது, அவர் இந்த எழுத்தையே நூறு தடவைக்குமேல் எழுதிக் காட்டினாராம். இன்றும் இதை எழுதிச் சுவரில் மாட்டுகிறார்கள். பேச்சிலும் உண்டு: சிரிப்பை அடக்க முடியாமல் போனால் ‘ரென்-பு-ஜூ’.

இதே எழுத்து ‘த்சான்-ரென்’ என்ற சொல்லிலும் வருகிறது. அதற்கு அர்த்தம், கொடூரம். பொறுமையும் கொடூரமும் எப்படி ஒரே எழுத்தில்?

எனக்கு இது புரிந்தது ஒரு மீட்டிங்குக்கு அப்புறம். டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் எழுதிய கோடில் பிழை. அதை ரிவ்யூ பண்ணி ஓகே சொன்னது நான். இருபது பேர் முன்னால் மேனேஜர் அவளைத் திட்டியபோது மைக்கை மியூட்டிலேயே வைத்திருந்தேன். பிறகு போன் செய்து, “கொஞ்சம் பொறுத்துக்கோம்மா” என்றேன்.

“நான் பொறுத்துக்கிட்டேன் அண்ணா. நீங்க எப்படிப் பொறுத்துக்கிட்டீங்க?”

மென்சியஸின் நூலில் ச்சி நாட்டு அரசர் ஷுவான் வருகிறார். பலிக்கு இழுத்துப் போகும் மாடு நடுங்குவதைப் பார்க்க மனம் பொறுக்காமல் அதை விடச் சொல்கிறார். பதிலுக்கு ஓர் ஆட்டைப் பலியிடச் சொல்கிறார். ஆடு கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். மென்சியஸ் அவரைக் கேலி செய்யவில்லை. அந்தப் பொறுக்காத மனமே போதும், அதைக் குடிமக்கள்வரை நீட்டினால் சரி என்கிறார். அங்கேயும் இதே எழுத்துதான், முன்னால் ஓர் ‘இல்லை’ சேர்ந்து: ‘பு-ரென்’.

என் வலியை நான் பொறுத்துக்கொண்டால் அது பொறுமை. அவள் வலியை நான் பொறுத்துக்கொண்டதற்கும் அதே பெயரைத்தான் வைத்திருந்தேன்.

அடுத்த மீட்டிங்கில் மியூட்டை எடுத்துவிட்டு, அந்தக் கோடுக்கு ஓகே சொன்னது நான்தான் என்றேன். ஒரு வாரம் தாமதம்.