சமமாகப் பங்கிட முடியாத பழி

ஸ்பெயின் உள்நாட்டுப் போர் 1939இல் முடிந்தது. யார் என்ன செய்தார்கள் என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. தேர்தலில் வென்று ஆட்சியிலிருந்த குடியரசுக்கு எதிராக 1936 ஜூலையில் ராணுவத் தளபதிகள் கிளம்பினார்கள். மூன்றாண்டு ரத்தக்களரிக்குப் பிறகு அந்தத் தளபதிகளில் ஒருவரான பிராங்கோவின் சர்வாதிகாரம் வந்தது. இதை எழுத முனைபவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, 'நடுநிலையோடு எழுதுங்கள்' என்பதுதான். எது நடுநிலை?

இந்தப் பக்கத்துக் கொலை ஒன்றைச் சொன்னால் அந்தப் பக்கத்துக் கொலை ஒன்றையும் சொல்லி, இருவருமே கொடியவர்கள் என்று முடித்துவிடுவது சுலபம். இரண்டு பேர் மேலும் தப்பு, போய் வேலையைப் பாருங்கள் என்று கூட்டத்தைக் கலைத்துவிடும் பஞ்சாயத்து மாதிரி. ஆனால் நடந்தது அப்படிச் சரிபாதியாக நடக்கவில்லை. போர்முனைக்கு வெளியே கொல்லப்பட்டவர்களைக் கணக்கிட்ட வரலாற்றாசிரியர் பால் பிரெஸ்டன், குடியரசுப் பகுதியில் ஏறத்தாழ 50,000 பேர் என்கிறார். பிராங்கோ தரப்பு கொன்றவர்கள் அவர் கணக்கில் 1,30,000க்குக் குறையாது. இந்த இரண்டுக்கும் ஆளுக்குப் பாதிப் பக்கம் ஒதுக்குவது நடுநிலை ஆகாது. பெரிய குற்றத்துக்குச் செய்யும் சகாயம் அது.

இதே வாதத்தைக் கேடயமாகப் பிடிப்பவர்களும் உண்டு. 'எங்கள் பக்கம் குறைவாகத்தானே கொன்றோம்' என்பது அவர்கள் பேச்சு. குடியரசுப் பகுதியில் பாதிரியார்களும் துறவிகளுமாக ஏழாயிரத்தை நெருங்கும் எண்ணிக்கையில் கொல்லப்பட்டார்கள். 1936 நவம்பரில் மாட்ரிட் சிறைகளிலிருந்து கைதிகளை வாகனங்களில் ஏற்றிக்கொண்டுபோய் பரக்குவேயோஸ் கிராமத்துக்கு அருகே சுட்டுக் குவித்தார்கள். செத்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். ஏதோ கும்பல் ஆத்திரத்தில் செய்தது என்று கைகழுவ இடமில்லை. சிறைக்கதவைத் திறந்துவிட உத்தரவுத் தாள் வேண்டியிருந்தது. குடியரசின் மேல் பரிவுள்ளவர் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டினால், அவருடைய மற்ற பக்கங்களை நம்புவதற்கும் காரணமில்லை.

நேர்மையான மனதோடு உட்கார்ந்தாலும் கைக்குக் கிடைக்கும் ஆவணம் நேர்மையாக இருப்பதில்லை. வென்றவர்கள் 1940இல் பெரிய விசாரணை ஒன்றைத் தொடங்கி, குடியரசுப் பகுதியில் நடந்த கொலைகளைப் பெயர், ஊர், தேதியோடு பதிவு செய்தார்கள். தங்கள் பக்கத்தில் மாண்டவர்களின் பெயர்களை மாதாகோயில் சுவர்களில் பொறித்தார்கள். தோற்றவர்களின் பிணங்கள் சாலையோரக் குழிகளில் கிடந்தன. சாவைப் பதிவு செய்யவே பல குடும்பங்கள் அஞ்சின. லியோன் மாகாணத்தில் 1936 அக்டோபரில் சுடப்பட்ட 13 பேரின் எலும்புகள் தோண்டி எடுக்கப்பட்டது 2000இல்தான். அதுவும் அவர்களில் ஒருவரின் பேரன் விடாமல் தேடியதால். ஒரு பக்கத்துக்குக் கட்டுக்கட்டாகக் கோப்பும் மறுபக்கத்துக்கு மண்ணும் இருக்கும்போது, 'ஆவணம் சொல்வதை மட்டும் எழுதுகிறேன்' என்பவர் அறியாமலே வென்றவரின் எழுத்தராகிவிடுகிறார். குழியருகே போய் நிற்பதும் வரலாற்றாசிரியரின் வேலைதான்.

கெர்னிகா இன்னும் கடினமான சோதனை. 1937 ஏப்ரல் 26, சந்தை நாள். ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் அந்த பாஸ்க் ஊரைக் குண்டுவீசி எரித்தன. பின்வாங்கிய 'சிவப்பர்கள்', அதாவது குடியரசுத் தரப்பினர், தாங்களே கொளுத்திக்கொண்டார்கள் என்றது பிராங்கோ தரப்பு. அந்தப் பொய்யைப் பல ஆண்டுகள் காப்பாற்றியும் வந்தது. 'டைம்ஸ்' நிருபர் ஜார்ஜ் ஸ்டீயரின் செய்தி உண்மையை அப்போதே உலகுக்குச் சொன்னது. பொய் எங்கிருந்து வந்தது என்பதை வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் சவுத்வொர்த் பிற்பாடு அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்தார். ஆனால் பாஸ்க் அரசு அன்று அறிவித்த சாவு எண்ணிக்கை 1,654. பின்வந்த ஆய்வாளர் பலர் 150 முதல் 300 வரைதான் இருக்கும் என்கிறார்கள். இதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். சின்ன எண்ணைச் சொன்னால் மறுப்பவர்களுக்கு வசதியாகிவிடுமே என்ற தயக்கம் புரிகிறது. அந்தப் பயம் வீணானதும் இல்லை, ஏனென்றால் நேர்மையான திருத்தத்தை எதிரி திருடிக்கொள்வது அன்றாடம் நடப்பதுதான். ஆனாலும் சாட்சியம் தாங்காத எண்ணைத் தெரிந்தே வைத்துக்கொள்பவர், அது உடையும் நாளில் குண்டு விழுந்த உண்மையையும் சேர்த்தே சந்தேகத்துக்கு ஆளாக்குகிறார். முந்நூறு பேர் என்றாலும் அது படுகொலைதான்.

இரு பக்கத்தையும் சேர்த்தே எழுத வைக்கும் மனிதர் ஒருவர் உண்டு. மெல்ச்சோர் ரொத்ரிகஸ் அனார்க்கிஸ்ட், குடியரசின் பக்கம் நின்றவர். மாட்ரிட் சிறைகளின் பொறுப்பு கைக்கு வந்ததும் பரக்குவேயோஸ் கொலைகளை நிறுத்தினார். 1936 டிசம்பரில், குண்டுவீச்சால் வெறிகொண்ட கூட்டம் அல்காலா சிறையை உடைக்க வந்தபோது வாசலில் நின்று மறித்தார். உள்ளே எதிர்த்தரப்புக் கைதிகள் ஆயிரத்துக்கும் மேல் இருந்தார்கள். போர் முடிந்தபின் பிராங்கோவின் ராணுவ நீதிமன்றம் அவரையே சிறைக்கு அனுப்பியது. இவரைப் பற்றி எழுதினால், அவர் எதைத் தடுத்தார் என்று சொல்லப் பரக்குவேயோஸை எழுதியாக வேண்டும். அவருக்கு என்ன கிடைத்தது என்று சொல்ல வென்றவர்களின் நீதிமன்றத்தையும் எழுதியாக வேண்டும்.