இரண்டு வாசல்கள்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு மாலை நின்றிருந்தேன். நீரில் குனிந்து, சேற்றைக் கைகளால் துழாவிக்கொண்டிருந்தாள் ஓர் இருளர் பெண். பனையோலைப் பறியைப் பற்களால் கவ்வியிருந்தாள். விரலில் இறால் தட்டுப்படும்; மறுகணம் அது பறிக்குள் துள்ளும். வலையில்லை, படகில்லை.

கரையேறியவளிடம், "இதை எங்கே அம்மா கற்றாய்?" என்று கேட்டேன்.

"எங்கம்மாகிட்டதான் ஐயா. நான் பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லே. எம்மவதான் போறா."

உடன் வந்த நண்பர், "மீனுக்கும் இப்போது பட்டம் இருக்கிறதே!" என்றார்.

உண்மைதான். 1977-இல் தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி வந்தது. 2012-இல் நாகப்பட்டினத்தில் பல்கலைக்கழகமே எழுந்தது. ஏரிக்கு அருகே பொன்னேரியிலும் ஒரு கல்லூரி. மீன் வளர்ப்பு, நோய், நீரின் குணம், பதனிடுதல் என்று நான்கு ஆண்டுப் படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் அந்த வாசலின் திறவுகோல். மீனவர் பிள்ளைகளுக்கென்று சில இடங்களும் உண்டு.

ஏரிக்கு இதைவிடப் பழைய வாசல் ஒன்று இருக்கிறது. 'பாடு' என்று அதற்குப் பெயர். எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைக்கிறார்கள் ஊரார். நல்ல இடம் ஒருவனுக்கே நிலைத்துவிடாது. "என் முறை முடிந்தது" என்று விலகி நிற்கக் கற்பதும் கல்விதானே?

அந்தக் கல்வியில்லாத அறிவு என்ன செய்யும் என்பதை 1990-களில் கண்டோம். கடற்கரையெங்கும் இறால் பண்ணைகள் முளைத்தன. தீவனக் கணக்கும் லாபக் கணக்கும் தெரிந்தவர்களுக்கு, எங்கே நிறுத்துவது என்பது மட்டும் தெரியவில்லை. உப்பு நீர் அக்கம்பக்கத்து வயலையும் கிணற்றையும் கெடுத்தது. வெண்புள்ளி நோய் வந்து இறால் குளம் குளமாகச் செத்தது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறைப் பகுதியிலிருந்த பண்ணைகளை, பாரம்பரியமானவை நீங்கலாக, அகற்றும்படி 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

அப்படியானால் பழைய வாசலே உயர்ந்தது என்று சொல்லிவிடலாமா? சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாட்டில் பங்கு பெற, அதற்குரிய சாதியில் ஆணாகப் பிறந்திருக்க வேண்டும். பறியைக் கவ்விய அந்தப் பெண்ணுக்கு அங்கே இடமில்லை, கல்லூரியிலும் இல்லை. ஒரு வாசல் பிறப்பைக் கேட்கிறது. மற்றது மதிப்பெண்ணைக் கேட்கிறது. 'உனக்கு ஏரியைத் தெரியுமா?' என்று இரண்டுமே முதலில் கேட்பதில்லை.

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவள் விரலுக்கு இறால் தெரியும். இறாலைக் கொல்லும் கிருமி தெரியாது. அதைக் காட்டப் பூதக்கண்ணாடி போதாது, ஆய்வுக்கூடமே வேண்டும். ஆனால் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைவதற்காக அம்மாவின் வித்தையை வாசலில் கழற்றி வைக்கச் சொல்லுவது எந்த நியாயம்?

அந்த மகள் ஒருநாள் பொன்னேரிக் கல்லூரியின் வாசலில் வந்து நிற்கலாம். அன்று அவளுடைய மதிப்பெண்ணைப் பார்க்கட்டும், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அவள் வெறுங்கையோடு வந்திருப்பதாக மட்டும் யாரும் எண்ணிவிடக் கூடாது.