சிலருக்கான எழுத்து

தீப்பெட்டிக் கம்பெனியால் பெயர் பெற்றது விம்கோ நகர். தீப்பெட்டி எல்லா வீட்டுக்கும் போயிற்று. வாசிக்க அதில் எதுவுமில்லை. 1959ல் சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ மிகச் சிலரையே எட்டியது, ஆனால் வாசிக்கப்பட்டது. ஆகவே சிலரிடம் போவதே தரம் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. முடிவு சரியல்ல. செல்லப்பா புத்தக மூட்டையைச் சுமந்து ஊர் ஊராய் அலைந்தவர். வாசகனுக்காக எழுத்தைத் தளர்த்துவது வேறு, வாசகனைத் தேடிப் போவது வேறு. முன்னதை மறுக்கும் உரிமை பின்னதைச் செய்தவனுக்கே உண்டு. அலையாதவர்கள் பேசும் ‘சிலர்’ வெறும் சோம்பல்தான். ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு இது புரியாது என்று அவனைக் கேளாமலே தீர்ப்பு எழுதுவது அதைவிட மோசம். 2021ல் விம்கோ நகருக்கு மெட்ரோவும் வந்துவிட்டது. தூரத்தை இனி சாக்காகச் சொல்ல முடியாது.